ஆக்கூர் மில்லில் வண்டி நிற்கிறது

சோஹார், ஓமன்
20.1.2025

வானதிக்கு,

பொங்கலன்று போனில் நீ சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "உங்ககிட்ட வாயால பேசுனா சண்டைதான் வருது. இனிமே சொல்ல வேண்டியத எழுதுங்க. எழுதுறப்பவாவது கொஞ்சம் யோசிப்பீங்க." சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் அம்மா எடுக்கிறாள், பாப்பா எடுக்கிறது, நீ எடுப்பதில்லை. சரி, எழுதுகிறேன். பிளஸ் டூ பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு நீளமாக நான் எதுவும் எழுதியதில்லை. கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தால் சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த எலக்ட்ரிக் பைக்கை வாங்கிக் கொடுத்தது நான். மாட்டுக்குச் சினை ஊசி போட ஊர் ஊராக அலைகிறாய், பெட்ரோலுக்கே பாதி போகிறது என்று நீ சொன்னதால் வாங்கினேன். என் பேரில்தான் பதிவு, என் நம்பர்தான் கொடுத்திருக்கிறது, அதனால் வண்டியின் ஆப் என் போனில் இருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது, சார்ஜ் எவ்வளவு இருக்கிறது, எல்லாம் இங்கே உட்கார்ந்தபடியே தெரிகிறது. தற்செயலாகப் பார்த்தேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். வேண்டுமென்றேதான் பார்க்கிறேன். கிடங்கில் சாப்பாட்டு நேரம் விட்டதும் எல்லோரும் சோற்றைப் பிசைகிறார்கள், நான் போனைத் தடவுகிறேன்.

வாரத்தில் நாலு நாளாவது மதியம் வண்டி ஆக்கூரில் நிற்கிறது. மூன்று மணி நேரம் நிற்கிறது, சில நாள் அதற்கும் மேல். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மதிவாணன் ரைஸ் மில். வேறு எவன் மில்லாக இருந்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. இவன் உன் தாய்மாமன் மகன். உன் முறை மாப்பிள்ளை. உங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே அந்த வாய்க்கால் தகராறு மட்டும் வராமல் இருந்திருந்தால் இன்றைக்கு பாப்பா அவனைத்தான் அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும். நான் அசல், உறவுமுறை இல்லாதவன். இடையில் வந்தவன்.

நம் கல்யாணத்தன்று அவன் காரை மறித்தது ஞாபகம் இருக்கிறதா? "முறைப்பையன் நான் இருக்கேன். எனக்குள்ள வெத்தல பாக்க வச்சிட்டுப் பொண்ண அழச்சிட்டுப் போங்க" என்றான். அது உங்கள் வழக்கம் என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டே தாம்பாளத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டபோது அவன் சிரிக்கவில்லை. அதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். இன்றுவரை கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் மில்லைக் கட்டிக்கொண்டு இருக்கிறான்.

அவனை நீ அத்தான் என்கிறாய். என்னை 'என்னங்க' என்கிறாய். தெருவில் போகிற யாரையும் அப்படித்தான் கூப்பிடலாம்.

கேட்க வேண்டியது ஒன்றுதான். சார்ஜ் போட உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

குணசேகரன்


குத்தாலம்
2.2.2025

என்னங்க,

கடிதம் வந்தது. போஸ்ட்மேனுக்கே ஆச்சரியம், "ஓமன்லேருந்து லட்டரா, இந்தக் காலத்துலயா?" என்று இரண்டு முறை திருப்பிப் பார்த்துக் கொடுத்தார். உங்கள் அம்மா பக்கத்திலேயே நின்று, என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டார்கள். "வண்டிய நல்லா பாத்துக்கச் சொல்லியிருக்காரு" என்றேன். பொய் ஒன்றும் இல்லையே. நான் எப்படி இருக்கிறேன் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம், வேறு இடம் இல்லை.

பால் சொசைட்டிகள் எனக்கு விட்டிருக்கிற ஊர்கள் எல்லாம் ஆக்கூருக்குக் கிழக்கே, தரங்கம்பாடி வரைக்கும் இருக்கின்றன. வண்டி ஒரு சார்ஜுக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் போகும் என்று விற்றவன் சொன்னான். சினை ஊசி மருந்தை உறையவைத்து எடுத்துப் போகிற நைட்ரஜன் கேனைப் பின்னால் கட்டிக்கொண்டு நம் ரோட்டில் ஓட்டினால் தொண்ணூறைத் தாண்டுவதில்லை. போக வர எண்பது ஆகிவிடுகிறது. ஊருக்குள் சுற்றுவதற்கு எங்கே போவது? நடுவில் ஒரு தடவை ஏற்றித்தான் ஆக வேண்டும். கம்பெனி கொடுத்த சார்ஜர் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றுகிறது. அதற்கு நான் என்ன செய்ய?

ஒரு டீக்கடையில் கேட்டேன். "ஒனக்குக் கரண்டு குடுத்துட்டு நான் பிரிட்ஜ நிறுத்தவா?" என்றான். பெட்ரோல் பங்கில் ஒரு சார்ஜர் கம்பம் நட்டிருக்கிறார்கள், நட்ட நாளிலிருந்து அதில் காக்காய்தான் உட்காருகிறது. ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் போடவிட்டான், ஆனால் நான் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரமும் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நீங்கள் அங்கே இருந்து பார்ப்பதைவிட மோசமாகப் பார்த்தான்.

மில்லில் அந்தத் தொல்லை இல்லை. ஆபீஸ் அறையில் பிளக் இருக்கிறது, விசிறி இருக்கிறது. களத்தில் புழுங்கல் நெல் காயப் போடுகிற பொன்னுத்தாயும் மற்றப் பெண்களும் மதியம் அங்கேதான் சாப்பிட வருவார்கள். நானும் டிபன் பாக்ஸைத் திறந்து அவர்களோடு உட்கார்ந்துவிடுவேன். அத்தான் கணக்குப் பார்ப்பார், லாரிக்காரனோடு சண்டை போடுவார், நடுநடுவே எங்களோடு பேசுவார். இதுதான் நீங்கள் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிற இரகசியம்.

உங்களுக்கு மாட்டு விஷயம் தெரியாது, அதனால் சொல்கிறேன். மாடு சினைக்குக் கத்துகிறது என்று போன் வந்தால் அன்றைக்கே ஊசி போட வேண்டும். விட்டுவிட்டால் மறுபடி மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், அதுவரை மாட்டுக்காரருக்குத் தீனி தண்டம். இரண்டு தடவை நான் சார்ஜ் இல்லை என்று போகாமல் இருந்தால் போதும், பொறையாரில் ஊசி போடுகிற ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். பொம்பளைக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டவர்கள் வீட்டுக் கொட்டகைக்குள் நுழைய எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அதை விடமாட்டேன்.

அத்தானை அத்தான் என்று கூப்பிடாமல் மதிவாணன் சார் என்றா கூப்பிடுவது? வேண்டுமானால் உங்களையும் இனிமேல் அத்தான் என்கிறேன். உங்கள் அம்மா முன்னால் ஆரம்பிக்கட்டுமா?

உங்கள் ரூமில் யார் யார் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை எங்கே போகிறீர்கள் என்று ஒரு நாள் நான் கேட்டிருப்பேனா? உங்களைப் பார்க்க என் போனில் எந்த ஆப்பும் இல்லை. வண்டியின் ஆப்பை என் நம்பருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன்.

வானதி


சோஹார்
12.2.2025

வானதிக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது. உன் மேலும் தப்பு இல்லை, யார் மேலும் தப்பு இல்லை. தப்பு எல்லாம் அந்தச் சார்ஜர் மேல்தான்.

ஆகவே ஒரு வேலை செய்திருக்கிறேன். என்னோடு கிடங்கில் இருக்கிற துரைராசு, செம்பனார்கோயில்காரன், லீவில் வருகிறான். அவனிடம் ஒரு பெட்டி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அது வேகச் சார்ஜர். வண்டிக் கம்பெனி செய்தது இல்லை, வெளியே ஒருவன் தனியாகச் செய்து விற்கிறான். உன் வண்டிக்குப் பொருந்தும் என்று நன்றாக விசாரித்துத்தான் வாங்கினேன். மூன்று மணி நேரம் ஏறுவது முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடும். இதை மாட்டினால் கம்பெனி வாரண்டி போய்விடும் என்று போட்டிருக்கிறது. போனால் போகட்டும்.

இனி மில்லில் நீ காத்துக் கிடக்க வேண்டாம். காலையில் கிளம்பிப் போய், மதியம் வீட்டுக்கே வந்து, அம்மா கையால் சூடாகச் சாப்பிடு. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வண்டி ஏறிவிடும். மறுபடி போய்க்கொள்ளலாம். வெயிலில் அலைகிறவள் வீட்டுச் சோறு சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது. இதில் வேறு எந்த நினைப்பும் இல்லை, உன் கஷ்டத்தைப் பார்த்துத்தான் செய்தேன்.

மாட்டுகிற ஆள் யாராவது நல்ல ஆளாகப் பார். மில்லில் இதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

அன்புடன்
குணசேகரன்


குத்தாலம்
27.2.2025

என்னங்க,

சார்ஜர் வந்தது. துரைராசு அண்ணன் அதைக் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். நல்ல கனம். பாப்பா அதன் மேல் உட்கார்ந்து பார்த்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. நான் கேட்காமலே எனக்கென்று யோசித்து நீங்கள் ஒரு பொருள் வாங்கியிருக்கிறீர்கள். எதற்காக யோசித்தீர்கள் என்று எனக்குத் தெரியாது என்று மட்டும் நினைக்காதீர்கள். 'வேறு எந்த நினைப்பும் இல்லை' என்று எழுதின வரியில் பேனா அழுந்தி மறுபக்கம் தெரிகிறது. தெரிந்தும் சந்தோஷப்பட்டேன்.

வண்டி வாங்கின ஷோரூமில் கொண்டு போய்க் காட்டினேன். கையால்கூடத் தொடமாட்டேன் என்றுவிட்டார்கள். பிறகு விசாரித்ததில் நாகப்பட்டினத்தில் லத்தீஃபா என்று ஒரு பெண் பாட்டரி வண்டி மட்டும் ரிப்பேர் பார்க்கிறாள் என்றார்கள். நல்ல ஆளாகப் பார்க்கச் சொன்னீர்களே, பெண்ணாகவே பார்த்துவிட்டேன், போதுமா? அவள் வீட்டுக்கே வந்தாள். வண்டியில் தனியாக ஒரு பெரிய பிளக் பொருத்தி, பாட்டரிக்கு நேராகக் கனத்த வயர் இழுத்தாள். பழைய சார்ஜரும் போடலாம், புதுசும் போடலாம். வேலை சுத்தமாக இருந்தது.

மாட்டி முடித்ததும் நம் கூடத்துப் பிளக்கில் சொருகினோம். சொருகின உடனே விசிறி மெதுவாகச் சுற்றியது, லைட் மங்கியது. அடுத்து மீட்டர் பெட்டியில் படீர் என்று ஒரு சத்தம், பீஸ் கட்டை கருகி வீடெல்லாம் நாற்றம். உங்கள் அம்மா பார்த்துக்கொண்டிருந்த சீரியல் பாதியில் நின்றது. "என் மவன் அங்கேருந்து குண்டா அனுப்பியிருக்கான்?" என்று வாசலுக்கு ஓடினார்கள். பீஸ் போட்டு மறுபடி முயன்றோம், மறுபடி படீர்.

லத்தீஃபா மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "அக்கா, இந்த வயரு உங்க மாமனார் காலத்துது. இதுல போட்டீங்கன்னா வண்டி ஏறாது, வீடுதான் எரியும். கனத்த லைனு வேணும், நல்ல எர்த்து வேணும்." வீட்டுக்குப் புது லைன் இழுக்க ஈ.பி.யில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அது வருகிறபோது வரட்டும். அதுவரை என்ன செய்வது என்று கேட்டேன். "நீங்க போற வழியில ரைஸ் மில் எதுவும் இல்லையா? அங்கன்னா த்ரீ பேஸ் லைன் இருக்குமே" என்றாள்.

உங்கள் அம்மாதான் சொன்னார்கள், "இருக்குதே, இவ மாமன் மவன் மில்லு."

ஆக, மில்லுக்குப் போகாமல் இருக்க நீங்கள் அனுப்பிய சார்ஜர் இப்போது மில் ஆபீஸ் சுவரில் தொங்குகிறது. சுவரில் ஓட்டை போட்டது அத்தான்தான். அதையும் நானே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரோ சொல்லித் தெரிய வேண்டாம். நீங்கள் பல்லைக் கடிக்கிற சத்தம் இங்கே குத்தாலத்தில் கேட்கிறது.

ஆனால் நன்றாக ஏறுகிறது. சாப்பிட்டு எழுவதற்குள் நூறு ஆகிவிடுகிறது. தரங்கம்பாடி பக்கம் இன்னும் இரண்டு ஊர் கேட்டிருக்கிறேன், கொடுப்பார்கள் போலிருக்கிறது. நிஜமாகவே நன்றி.

வானதி


சோஹார்
11.3.2025

வானதிக்கு,

என் சார்ஜர் அவன் சுவரில். துரைராசு லீவு முடிந்து வந்து, "அங்க பிரமாதமா வேலை செய்யுதாம்ல?" என்று கேட்டான். அவனை அடித்திருப்பேன்.

அதுகூடப் போகட்டும் என்று விட்டேன். முக்கால் மணி நேரம்தானே, ஏறியதும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இப்போது பார்க்கிறேன். நீ சொன்ன மாதிரியே சார்ஜ் சரசரவென்று ஏறுகிறது. நூறு காட்டுகிறது. சரி, கிளம்பிவிடுவாள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வண்டி நிற்கிறது. என் சாப்பாட்டு நேரம் முடிந்து கிடங்குக்குள் போய், ஒரு லாரியை இறக்கிவிட்டு வந்து பார்க்கிறேன். நூறு. ஆக்கூர். நிற்கிறது.

ஒரு நாள் என்றால் மழை, ஒரு நாள் என்றால் தலைவலி என்று நினைக்கலாம். தினமும் இப்படித்தான். முன்பு சார்ஜ் ஏறவில்லை, அதனால் நின்றேன் என்றாய். நானும் நம்பினேன். இப்போது எதற்கு நிற்கிறாய்?

எனக்குப் பொறாமைதான். அதற்கு அக்கறை, பயம், ஊர்ப் பேச்சு என்று வேறு பெயர் வைக்க மாட்டேன். அவன் உன் எதிரில் உட்கார்ந்து பேசுவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் என்ன பேசுகிறான் என்றுகூட எனக்குத் தெரியாது. நீ சிரிக்கிறாயா என்று தெரியாது. இருபத்து நாலு மணி நேரமும் அந்த வண்டியைப் பார்க்கிறேன், உன்னை என்னால் பார்க்க முடியவில்லை.

இன்னொரு தடவை நூறு ஏறிய பிறகும் அது அங்கே நின்றால் நான் செய்கிறதைச் செய்வேன். பிறகு என்னைக் குறை சொல்லாதே.

குணசேகரன்


குத்தாலம்
24.3.2025

என்னங்க,

செய்யப் போவதாக எழுதின கடிதம் முந்தாநாள்தான் வந்தது. நீங்கள் செய்து முடித்து நாலு நாள் ஆகிவிட்டது. தபால் உங்களைவிட மெதுவாகப் போகிறது.

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் உங்கள் ஆப் அதையெல்லாம் காட்டாது. அதனால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை பொறையார் பக்கம் ராஜாங்கம் என்பவர் வீட்டு மாடு கத்துகிறது என்று போன் வந்தது. அதற்கு ஏற்கெனவே இரண்டு தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. இந்தத் தடவையும் தவறினால் மாட்டைச் சந்தையில் விற்றுவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேனைக் கட்டிக்கொண்டு ஆக்சிலேட்டரைத் திருகினேன். அசையவில்லை. சார்ஜ் நூறு இருக்கிறது, வண்டி அசையவில்லை. மில்லில் இருந்த எல்லோரும் சுற்றி நின்று தள்ளிப் பார்த்தார்கள். லத்தீஃபாவுக்குப் போன் போட்டு, கேனைப் பிடித்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். "அக்கா, இது ரிப்பேர் இல்ல. பூட்டியிருக்கு. திருட்டுப் போனா பூட்டுற மாதிரி, ஓனரு போன்லேருந்து பூட்டியிருக்காங்க" என்றாள்.

களத்தில் அத்தனை பேரும் கேட்டார்கள். பொன்னுத்தாய்தான் கேட்டாள், "ஒன் வண்டின்னுல்ல நெனச்சேன். யாரு ஓனரு?"

என் புருஷன் என்னைத் திருடி என்று நினைத்துப் பூட்டிவிட்டார் என்றா சொல்வது?

அத்தான் அவர் பைக்கை எடுத்தார். "ஏறு, கொண்டு விடறேன்" என்றார். நான் ஏறவில்லை. உங்கள் முகத்துக்காகத்தான் ஏறவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வந்து, கேனை மடியில் வைத்துக்கொண்டு போய் இறங்கியபோது பொறையார் ஆள் ஊசி போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். ராஜாங்கம் என்னைத் திட்டக்கூட இல்லை. "பரவால்லம்மா, ஒனக்கு என்ன கஷ்டமோ" என்றார். மறுநாள் சொசைட்டியில் அந்த ஊரை அவருக்கே மாற்றிவிட்டார்கள்.

திரும்பி ஆக்கூர் வந்தபோது இருட்டிவிட்டது. பஸ் இல்லை. மூட்டை மாதிரி கேனோடு ஸ்டாப்பில் நின்ற என்னைத் தேடிக்கொண்டு அத்தான் வந்தார். அப்போது ஏறினேன். மயிலாடுதுறை வழியாக, நம் குத்தாலம் கடைத்தெரு வழியாக, ஊர் பார்க்க அவர் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினேன். உங்கள் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். நீங்கள் எதை நினைத்துப் பயந்தீர்களோ அதை நீங்களே முன்னின்று நடத்தி வைத்தீர்கள். ஒரு வண்டியைப் பூட்டி என்னை இன்னொரு வண்டியில் ஏற்றிவிட்டீர்கள்.

இதோடு கடிதத்தை முடித்திருந்தால் நியாயம் முழுக்க என் பக்கம் இருந்திருக்கும். ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. நூறு ஏறிய பிறகு எதற்கு நின்றாய்?

பழைய சார்ஜர் இருந்தவரை எனக்கே தெரியாது. வண்டி ஏறட்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நானும் சத்தியமாக நம்பினேன். நீங்கள் அனுப்பியதைப் போட்ட முதல் நாள், ஏறிவிட்டது என்று பச்சை விளக்கு எரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. விசிறிக் காற்றுக்காக என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் எழுந்திருக்கவில்லை. அதற்கு மேல் என்னையே ஏமாற்ற முடியவில்லை. அந்த விளக்கை நான் பார்த்தேன், அவரும் பார்த்தார், இரண்டு பேரும் பார்க்காத மாதிரி பேசிக்கொண்டிருந்தோம்.

தப்பாக ஒரு சொல் இல்லை. தொட்டதில்லை. பாப்பா மேல் ஆணை. "நேத்து அந்த செவலக் கன்னுக்குட்டி எழுந்து நின்னுச்சா?" என்று கேட்பார். நான் சொல்வேன். அவ்வளவுதான். உங்களிடம் ஒரு மாட்டைப் பற்றிச் சொன்னால் "சரி சரி, சார்ஜ் எவ்வளவு இருக்கு?" என்பீர்கள். நான் நாள் முழுக்க என்ன செய்தேன் என்று கேட்க எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவர் கண்ணில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. ஊரைப் பார்த்து வந்த பயம் இல்லை.

மறுநாள் நீங்கள் பூட்டைத் திறந்துவிட்டிருந்தீர்கள். போய் வண்டியை எடுத்துக்கொண்டு, சார்ஜரையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இனி மில்லுக்குப் போகவில்லை. வீட்டில் பழைய சார்ஜரில் ஏற்றிக்கொண்டு போகிற வரைக்கும்தான் போகிறேன். பாதி ஊர் போச்சு, மீதியும் போகும்.

வேறு ஒருவர் கையில் பூட்டு இருக்கிற வண்டியில் என்னால் ரொம்ப நாள் ஓட முடியாது. ஆப்பை என் பேருக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் வண்டியை விற்றுவிடுகிறேன். இனி பெட்டி எதுவும் கொடுத்து அனுப்பாதீர்கள். நீங்கள் வாருங்கள். முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். நானும் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும்.

வானதி


சோஹார்
7.4.2025

வானதி,

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதலாவதில் உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். அது உனக்குத் தெரிய வேண்டாம். இரண்டாவது அவனுக்கு எழுதியது. மூன்றாவதில் உன்னை மன்னித்திருந்தேன். எழுதி முடித்துப் படித்தபோது, மன்னிக்க நான் யார் என்று எனக்கே கூச்சமாக இருந்தது. அதுதான் இருப்பதிலேயே கேவலமான கடிதம்.

நீ எழுதியதை மறுபடி படித்தேன். அவன் உன்னைத் தொட்டிருந்தால் எனக்குக் கோபப்பட வழி இருந்திருக்கும். அவன் கன்றுக்குட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறான். இதற்கு நான் யாரிடம் போய்ச் சண்டை போட? ராஜாங்கம் மாட்டுக்கு அந்தத் தடவையாவது நின்றதா? அந்த ஊரை உன்னிடமிருந்து பிடுங்கியது நான்தான், தெரிகிறது.

நேற்று மதியம் மறுபடி பார்த்தேன். பழக்கம், கை தானாகப் போகிறது. வண்டி மயிலாடுதுறை தாண்டியது. ஆக்கூர் வந்தது. மில் வாசலில் நிற்கவில்லை, தாண்டிப் போனது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. துரைராசுவைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன், எதற்கு என்று அவனுக்குத் தெரியாது.

கொஞ்ச தூரம் போய் வண்டி நின்றது. எனக்குப் பழையபடி பிடித்துக்கொண்டது. இது யார் வீடு, இங்கே எவன் இருக்கிறான் என்று படத்தைப் பெரிதாக்கினேன். வீடு இல்லை. கடை இல்லை. இரண்டு பக்கமும் வெறும் வயல், ஒரு வாய்க்கால் மதகு. மரம்கூட இல்லை. எவ்வளவு பெரிதாக்கியும் அங்கே ஒருவரும் இல்லை. அப்புறம்தான் மணியைப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம்.

அந்த மதகுக் கட்டையில், வெயிலில், தனியாக உட்கார்ந்து நீ டிபன் பாக்ஸைத் திறந்திருக்கிறாய். ஆயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் உன் புருஷன் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். எனக்கு இதுதான் வேண்டும் என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

வண்டியை உன் பேருக்கும் உன் நம்பருக்கும் மாற்றச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். உனக்கு ஒரு எண் வரும், அதைப் போட்டால் முடிந்தது. என் போனிலிருந்து எடுத்துவிட்டேன். பூட்டும் உன் கையில்தான். லீவு ஜூனில்தான் கொடுப்பார்கள். அப்போது வருகிறேன். திரும்பி வர மாட்டேன் என்றெல்லாம் இப்போதே பெரிதாகச் சொல்ல மாட்டேன், வந்து உன்னைக் கேட்டு முடிவு செய்கிறேன்.

அதுவரை வேலையை விடாதே. சார்ஜரை எடுத்துக்கொண்டு போய் மறுபடி மில்லிலேயே மாட்டு. போன ஊர்களைத் திரும்பக் கேள். மதகில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம், அந்தப் பெண்களோடு விசிறிக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடு. பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே, நேற்றைவிட அதிகமாகத்தான் இருக்கிறது. அதை நான் இங்கே வைத்துக்கொண்டு லாரி இறக்குகிறேன்.

பச்சை விளக்கு எரிந்ததும் எழுந்திருப்பதும் உட்கார்ந்திருப்பதும் உன் இஷ்டம். எப்போது எழுந்தாய் என்று இனி எனக்குத் தெரிய வழியில்லை.

குணசேகரன்